நோ ஓரிடம், நோய் ஓரிடம்

சென்ற மாதம் எமக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் எமது அக்கராயனுக்கு அயலூரொன்றிற் குடியிருக்கும் ஒரு தாயார். அவருடைய மகனுக்கு வயது பதின்மூன்று. இரண்டு மாதமாக வலது முழங்காலின் உட்புறத்தில் நோ என்று சொல்லி வந்திருக்கிறான். வீக்கமில்லை, சிவப்பில்லை, விழுந்ததாகவும் அவன் கூறவில்லை. வலது பாதம் சற்றே வெளிப்புறமாகத் திரும்பியிருக்க, நொண்டி நொண்டிப் பாடசாலைக்குப் போய் வந்திருக்கிறான். வீட்டார் எண்ணெய் பூசி உருவிப் பார்த்தார்கள். நோ குறைந்தபாடில்லை. கடைசியில் வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றபோது, வைத்தியர் முழங்காலை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, பையனைக் கட்டிலிற் கிடத்தி, தொடையை மடக்கித் திருப்பிப் பார்த்தாராம். உடனே இடுப்பை எக்ஸ்றே எடுக்கும்படி பணித்தாராம். படத்தைக் கண்டதும், பையன் இனி ஓரடியும் நடக்கலாகாது என்றும், இடுப்பில் ஆணி ஒன்று வைத்துச் சத்திரசிகிச்சை செய்ய வேண்டும் என்றும் கூறிவிட்டாராம். “முழங்காலில் நோவென்று போன பிள்ளைக்கு இடுப்பில் ஆணி பூட்டுவதா? வீட்டிலுள்ள பெரியவர்கள் வேண்டாமென்கிறார்கள். நீங்கள் படிப்பிக்கிறவர். இதில் ஏதும் நியாயம் உண்டா?” என்பது அவருடைய கேள்வி.

காரியம் அவசரமானது. ஆதலால் கடிதம் கிடைத்த அன்றே மறுமொழி சொல்லி அனுப்பிவிட்டோம். நாம் வைத்தியரல்லோம், உயிரியல் கற்பிப்பவர் மாத்திரமே. எனினும் அந்த வைத்தியர் செய்தது முற்றிலும் நியாயமென்றும், ஒரு நாளும் தாமதிக்க வேண்டாமென்றும், பிள்ளையைத் தூக்கிச் செல்லும்படியும் தெரிவித்தோம். ஆயினும் அந்த நியாயம் இன்னதென்பதை நாலு வரியில் எழுதிவிட இயலாது. அதனை விளக்குவதற்கு உள்தொடையின் தசைகளையும், அவற்றுக்குக் கட்டளை கொண்டு செல்லும் ஒரு நரம்பையும் ஓரளவு அறிந்தாக வேண்டும். அதனையே இக்கிழமைக்குரிய விஷயமாக எடுத்துக் கொண்டோம்.

குடும்பத்தார் கூடியிருந்து வாசிக்கும் பக்கத்தில் இவ்விடத்தைப் பற்றி எழுதலாமோ என்று சிலர் கூச்சப்படக்கூடும். அந்தக் கூச்சமே ஓர் ஆபத்து என்று எமக்குத் தோன்றுகிறது. கவட்டுப் பக்கத்தில் நோ என்று தாயிடம் சொல்லவும் நாணி, ‘முழங்கால் நோகிறது’ என்று சொல்லிவிடும் பிள்ளைகள் உண்டு. பெண் பிள்ளைகளிடம் இது சற்று அதிகம். தொடையும் கையைப்போல, தோளைப்போல ஓர் உறுப்பே.

தொடையின் தசைகளை மூன்று கூட்டமாகப் பிரிப்பது வழக்கம். முன்புறத்தார் முழங்காலை நீட்டுவர். பின்புறத்தார் அதனை மடக்குவர். இவ்விரண்டுக்கும் நடுவே, உட்புறத்தில் இருப்போர் விலகிய காலை உடலின் நடுக்கோட்டை நோக்கிக் கொண்டுவந்து சேர்ப்பர். ஆதலால் இவற்றைச் சேர்க்கும் தசைகள் என்று நாம் வகுப்பில் வழங்குவோம். இவை ஐந்து. எல்லாவற்றுக்கும் மேலே கிடப்பது பெக்டினியசு என்னும் சிறிய தட்டையான தசை. அதற்கு அடுத்ததாக அடக்டர் லோங்கசு என்னும் நெடுஞ்சேர்தசை. அதன் பின்னே மறைந்து அடக்டர் பிரெவிசு என்னும் குறுஞ்சேர்தசை. அதற்கும் பின்னே, விசிறியை விரித்தாற்போல, அடக்டர் மக்னசு என்னும் பெருஞ்சேர்தசை. இந்நான்குக்கும் உட்புறமாக, தோலுக்கு அண்மையில், நாடாப்போல் நெடுகத் தொங்குவது கிராசிலிசு. அச்சொல்லின் பொருளே மெல்லியது என்பதாகும்.

அடிவயிறு முடியுமிடத்தில் கைக்குத் தட்டுப்படும் பூப்பென்பிலும், நாம் சப்பாணி கட்டி உட்காரும்போது நிலத்தில் ஊன்றும் ஆசன என்பிலும் இவை தொடங்குகின்றன. தொடங்கும் இடம் ஒடுங்கியது. முடியும் இடமோ நெடியது. தொடையென்பின் பின்புறத்தில் மேலிருந்து கீழாகக் கரடுமுரடான ஒரு வரம்பு ஓடுகிறது. வயலுக்கு வரம்பு எப்படியோ அப்படியே தசைகளுக்கு இந்த வரம்பு. அவரவர் பங்கு அதனதன் இடத்தில் வந்து முடியும். கிராசிலிசு மாத்திரம் இந்தப் பங்கீட்டில் சேராமல், முழங்காலையும் கடந்து கீழ்க்கால் என்பின் உட்புறத்திற் போய்ப் பிடிக்கிறது. பெருஞ்சேர்தசையின் கீழ்நுனியில் ஒரு வாசல் உண்டு. தொடையின் முன்புறத்தால் வரும் பெரிய நாடி அவ்வாசலால் நுழைந்தே முழங்காலின் பின்புறத்தை அடைகிறது. தொடை நடுவில் ஆழமான வெட்டுக்காயம் ஏற்படின் இரத்தம் பீறிட்டுப் பாய்வது இந்நாடி இவ்வழியே செல்வதனாலேயே.

மாணவர்கள் இத்தசைகளுள் ஒன்றைத் தம் உடம்பிலேயே கண்டறியலாம். கதிரையில் அமர்ந்து, இரு முழங்கால்களுக்கும் இடையே ஒரு கைமுட்டியை வைத்து நெருக்கினால், தொடையின் உட்புறத்து மேல்மூலையில் கயிறுபோல் ஒன்று விறைத்து நிற்கும். அதுவே நெடுஞ்சேர்தசையின் தொடக்கம். கிளித்தட்டிற் காலை அகல வைத்து ஒருபக்கம் பாய்கையில் ‘சுரீர்’ என்று பிடித்துக் கொள்வதும் பெரும்பாலும் இதுவேதான்.

காலை நடுவே சேர்ப்பது என்ன பெரிய வேலை என்று கேட்கலாம். குளத்துக்குக் கீழேயுள்ள வயலில் ஒரு சாண் அகலமான வரம்பின்மீது நெல்மூட்டையைத் தலையிற் சுமந்து வருபவரைக் கவனியுங்கள். ஒவ்வோர் அடியும் முன்னைய அடிக்கு நேரே விழ வேண்டும். சற்று விலகினால் மூட்டையோடு சேற்றில்தான். அகன்ற தெருவில் நடக்கும்போதும் இதே வேலை நடக்கிறது, நமக்குத்தான் தெரிவதில்லை. ஒற்றைக் காலில் உடற்பாரம் நிற்கும் கணத்தில் இடுப்பின் வெளிப்புறத் தசைகள் ஒரு பக்கம் இழுக்க, உள்தொடைத் தசைகள் மறுபக்கம் இழுத்து, கூடாரக் கம்பத்தை இரு கயிறுகள் நிறுத்துவதுபோல் இடுப்பை நிறுத்துகின்றன. சீவற்றொழிலாளர் பனையில் ஏறும்போது பாதங்களைத் தளைநார் சேர்த்துப் பிடிப்பது கண்ணுக்குத் தெரிகிறது. மரத்தை இறுக்கி அணைத்து உடம்பைத் தாங்குவதில் உள்தொடைக்கும் பெரும் பங்குண்டு. பூநகரியிலும் பளையிலும் நாளொன்றுக்குப் பல பனைகள் ஏறியிறங்கியவர்களின் தொடைகளைக் கண்டவர்களுக்கு இதனை நாம் விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பெயர்களெல்லாம் இலத்தீனிலும் கிரேக்கத்திலும் இருக்கின்றனவே, தமிழில் இவ்வித்தையைக் கற்க முடியுமோ என்று மாணவர் சிலர் எம்மிடம் கேட்பதுண்டு. கேள்வி பிந்திவிட்டது என்போம். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே நம்மவர் கற்றார்கள். அமெரிக்காவில் மசச்சூசெற்ஸ் மாகாணத்திற் பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் வைத்தியர் 1847 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து, மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தி, நம்மூர் இளைஞர்க்கு மேனாட்டு வைத்தியம் கற்பித்தார். ஆங்கிலத்திற் கற்றவர்கள் உத்தியோகம் தேடி ஊரைவிட்டுப் போய்விடுகிறார்கள் என்பதைக் கண்டு, 1860களிலிருந்து தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். அதற்குப் புத்தகம் வேண்டுமல்லவா? தாமும் தம் மாணாக்கருமாக ஒன்றன்பின் ஒன்றாக மொழிபெயர்த்தார்கள். இலண்டனில் 1858 இல் வெளிவந்த கிரே என்பாரின் உடலமைப்பு நூல், ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் பெயரோடு 1872 இல் தமிழில் வந்துவிட்டது. இன்றைக்கும் உலகெங்கும் வைத்திய மாணவர் கையில் அந்நூலின் புதிய பதிப்புகளே இருக்கின்றன. அது ஆங்கிலத்தில் வெளிவந்து பதினான்கு ஆண்டுகளில் தமிழுக்கு வந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அங்காதிபாதம் என்ற சொல் இப்போது வழக்கிழந்து போயிற்று. உடற்கூற்றியல் என்கிறோம். பழைய சொல்லின் மிடுக்கு எமக்குப் பிடித்தமானது. அஃது எமது தனிப்பட்ட விருப்பம்.

அந்நூலைப் பற்றி இன்னுமொரு செய்தி. அதன் படங்களை வரைந்தவர் கார்ட்டர் என்னும் இளம் வைத்தியர். தசைகளையும் நரம்புகளையும் அத்துணைத் தெளிவாக வரைந்தவருக்கு நூலின் வருவாயில் பங்கில்லை. ஒரு தொகை கொடுத்துக் கணக்கை முடித்துவிட்டார்கள். எழுதிய கிரே 1861 இல், 34 ஆம் வயதில், வைசூரியால் இறந்தார். வரைந்த கார்ட்டரோ 1858 இலேயே பம்பாய்க்கு வந்து, அங்குள்ள மருத்துவக் கல்லூரியிற் கற்பித்து, வெறுங்காலோடு வயலில் நடப்போரின் பாதத்தைத் துளைத்து அழிக்கும் ‘மதுரைப் பாதம்’ என்னும் நோயை ஆராய்ந்து, 1874 இல் ஒரு நூலே வெளியிட்டார். தொடையின் படத்தை வரைந்த கை நம் பக்கத்து உழவரின் பாதத்துக்கும் வந்து சேர்ந்தது.

இனி நரம்புக்கு வருவோம். சேர்க்கும் தசைகளுக்கு உரிய நரம்பை ஒப்டியூரேற்றர் நரம்பு என்பார்கள். அடைப்பது என்பது அச்சொல்லின் மூலப்பொருள். இடுப்பென்பின் கீழ்ப்பாகத்தில் இரு பக்கமும் இரண்டு பெரிய துவாரங்கள் உள. எலும்புக்கூட்டைப் பார்த்த மாணவர்க்கு இவை நினைவிருக்கும். உயிருள்ள உடம்பில் இத்துவாரம் திறந்து கிடப்பதில்லை. உறுதியான ஒரு சவ்வு அதனை அடைத்து நிற்கிறது. மேல்மூலையில் மாத்திரம் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் நீளமுள்ள ஒடுங்கிய பாதை ஒன்று விடப்பட்டிருக்கிறது. அடைத்த கதவில் விட்ட அந்தச் சிறு வழியால் வெளியே வருவதனாலேயே நரம்புக்கு இப்பெயர். தமிழில் அடைப்பு நரம்பு என்று சொல்லிக் கொள்வோம்.

இது பிறக்குமிடம் நாரி. முண்ணாணிலிருந்து நாரிப் பகுதியிற் புறப்படும் நரம்புகளுள் 2 ஆம், 3 ஆம், 4 ஆம் நரம்புகளின் கிளைகள் ஒன்றுசேர்ந்து இதனை ஆக்குகின்றன. பிறந்த பின், முள்ளந்தண்டின் அருகேயுள்ள பருத்த தசையொன்றுக்குள் மறைந்து கீழிறங்கி, இடுப்புக் குழியின் பக்கச் சுவரை ஒட்டிச் செல்கிறது. பெண்களில் சூலகம் இச்சுவரின் அருகே கிடப்பதனால், சூலகத்தில் நோய் வந்தால் சிலவேளை உள்தொடையில் நோத் தோன்றும். பின்னர் நாம் சொன்ன ஒடுங்கிய பாதையால் தொடைக்குள் வந்து இரண்டாகப் பிரிகிறது. குறுஞ்சேர்தசைக்கு முன்னால் ஒரு கிளையும் பின்னால் ஒரு கிளையுமாக, குதிரையின் முதுகில் இரு பக்கமும் கால் போட்டு அமர்ந்தாற்போல் அத்தசையை நடுவிற் கொண்டு இறங்குகின்றன. முன்கிளை நெடுஞ்சேர்தசைக்கும் கிராசிலிசுக்கும், பெரும்பாலும் குறுஞ்சேர்தசைக்கும் கட்டளை கொடுத்து, உள்தொடைத் தோலின் ஒரு பகுதிக்கும் உணர்ச்சி கொடுக்கிறது. பின்கிளை பெருஞ்சேர்தசையை ஆளுகிறது. ஆனால் முழுவதையுமன்று. பெருஞ்சேர்தசையின் ஒரு பகுதி, காலின் பின்புறத்தால் இறங்கும் வேறொரு பெருநரம்புக்குக் கீழ்ப்பட்டது. பெக்டினியசோ பெரும்பாலும் தொடையின் முன்புறத்து நரம்புக்கே கட்டுப்பட்டது. ஒரே வளவுக்கு இரண்டு சொந்தக்காரர் இருப்பதுபோன்ற இந்த ஏற்பாடு பரீட்சையில் மாணவரைக் குழப்புவதற்கென்றே அமைந்தது போலும்!

கிராசிலிசு பற்றியும் இவ்விடத்திற் சொல்லிவிடுகிறோம். இதனை எடுத்துவிட்டாலும் நடைக்குப் பெரிய குறைவு வருவதில்லை. ஆதலால் சத்திரசிகிச்சையாளர் இதனைக் களஞ்சியத்து உதிரிப்பாகம்போலப் பயன்படுத்துகிறார்கள். முழங்காலில் அறுந்த பந்தகத்துக்குப் பதிலாக இதன் நாணை வைப்பார்கள். முகம் ஒருபக்கம் செயலிழந்து சிரிக்க மாட்டாதவருக்கு, அடைப்பு நரம்பின் துண்டோடு இத்தசையில் ஒரு பகுதியை எடுத்து முகத்தில் ஒட்டவைத்து வாயோரம் உயரும்படி செய்வார்கள். ஜப்பானிய வைத்தியர்கள் இம்முறையை 1976 இல் வெளியிட்டார்கள். தொடையைச் சேர்த்த தசை கன்னத்திற் போய்ப் புன்னகையாகிறது.

இப்போது அந்தத் தாயாரின் கேள்வி. அடைப்பு நரம்பு தசைகளுக்கு மாத்திரம் உரியதன்று. தொடைக்குள் நுழைந்ததும் இடுப்பு மூட்டுக்கு ஒரு சிறு கிளையைக் கொடுக்கிறது. பின்கிளையின் கடைசி நூலிழையோ பெருஞ்சேர்தசையை ஊடுருவி, முழங்காலின் பின்புறம் சென்று, முழங்கால் மூட்டுக்குள் முடிகிறது. அதாவது இடுப்பு மூட்டின் செய்தியையும் முழங்காலின் செய்தியையும் ஒரே நரம்பு சுமந்து, முண்ணாணின் ஒரே படியிற் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. தொடையின் முன்புறத்து நரம்பும் இப்படியே இரு மூட்டுக்கும் கிளை கொடுப்பது. மூளைக்கு இச்செய்தி எங்கிருந்து வந்ததென்று பிரித்தறிவதிற் சங்கடம் ஏற்படுகிறது. முழங்கால் தோலுக்கு அண்மையில் உள்ளது. நாள்தோறும் தட்டுப்பட்டும் உராய்ந்தும் மூளைக்கு நன்கு பழகியது. இடுப்பு மூட்டோ தசைகளுக்குள் ஆழப் புதைந்து கிடப்பது. ஆகவே முன்பின் அறியாத இடத்துச் செய்தியை அறிந்த இடத்தின் கணக்கில் மூளை எழுதிவிடுகிறது. பிள்ளை பொய் சொல்லவில்லை. அவனுக்கு முழங்காலில் உண்மையாகவே நோகிறது.

கமக்காரருக்கு இதில் வியப்பில்லை. வாய்க்காலின் கடைக்கோடி வயலில் தண்ணீர் இல்லையென்றால், அவர் வயலுக்குள்ளேயே மண்வெட்டி போட்டுக் கொண்டிருப்பதில்லை. வாய்க்கால் வழியே மேலே நடந்து, எங்கே உடைப்பு, எங்கே அடைப்பு என்று பார்த்துக்கொண்டு துருசுவரை போய்விடுவார். வைத்தியரும் அதனையே செய்தார். ஜோன் ஹில்ரன் என்னும் இலண்டன் சத்திரசிகிச்சையாளர் 1860 முதல் 1862 வரை நிகழ்த்திய விரிவுரைகளில் இதற்கு ஒரு விதியே வகுத்துக் கொடுத்தார். ஒரு மூட்டுக்கு எந்த நரம்பு செல்கிறதோ அதே நரம்பு அம்மூட்டை அசைக்கும் தசைகளுக்கும், அத்தசைகள் சென்று பிடிக்கும் இடத்துத் தோலுக்கும் செல்லும் என்பது அவ்விதி. இடுப்பு மூட்டு நோயில் முழங்கால் நோவதை விளக்குவதற்கு அது பெரிதும் உதவிற்று.

பையனுக்கு நேர்ந்தது என்ன? தொடையென்பின் மேல்முனை பந்துபோன்றது. அது இடுப்பென்பின் குழிக்குள் பொருந்தியிருக்கும். வளரும் பிள்ளைகளில் அந்தப் பந்துக்கும் அதைத் தாங்கும் கழுத்துக்கும் இடையே, என்பு வளர்வதற்கென்று கசியிழையத் தட்டு ஒன்று உண்டு. பத்து வயதுக்கும் பதினாறு வயதுக்கும் இடையில், விரைந்து வளரும் பருவத்தில், சிலருக்கு இத்தட்டு பலமிழந்து விடுகிறது. பந்து குழிக்குள்ளேயே கிடக்க, கழுத்து அதன் கீழிருந்து மெல்ல நழுவுகிறது. ஈரக் களிமண்ணில் வைத்த குடம் அடி சறுக்குவது போல. ஆண் பிள்ளைகளுக்கும் உடற்பாரம் கூடியவர்களுக்கும் இது அதிகம். மெலிந்தவர்க்கு வராதென்று சொல்வதற்கில்லை. கால் வெளிப்புறம் திரும்பி நிற்பதும், தொடையை உட்புறம் திருப்ப இயலாமையும் இதன் அடையாளங்கள். நடக்க நடக்கச் சறுக்கல் கூடும். திடீரென முழுவதும் நழுவிவிட்டால் பந்துக்குச் செல்லும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அறுந்து, பந்தே பட்டுப்போகவும் கூடும். பட்டுப்போன என்புக்கு உயிர் கொடுக்க வழியில்லை. இருபது வயதிலேயே முதியவரின் இடுப்போடு அவன் வாழ வேண்டியதாகும். கழுத்தினூடாகப் பந்துக்குள் ஒரு திருகாணியைச் செலுத்தி, மேலும் சறுக்காமல் நிறுத்துவதே செய்யத்தக்கது. உருவுவதும் நெட்டி எடுப்பதும் இந்நிலையில் நஞ்சுக்குச் சமம். இவ்விஷயத்தில் நாம் தயவு தாட்சணியம் பார்த்து எழுத விரும்பவில்லை. எண்ணெய் பூசுகிறவர் நல்லவராயிருக்கலாம், கைராசிக்காரராயுமிருக்கலாம். சறுக்கிய என்பு அதனை அறியாது. சிகிச்சைக்குப் பின்பும் மற்ற இடுப்பைக் கவனித்து வர வேண்டும். சிலருக்கு அதுவும் பின்னர் சறுக்குவதுண்டு.

இதனினும் சிறிய பிள்ளைகளில், நாலு முதல் எட்டு வயது வரையில், பந்துக்கு இரத்த ஓட்டம் குன்றி அது நொறுங்கும் பேர்தெஸ் நோய் என்பது வரக்கூடும். அவர்களும் பெரும்பாலும் முழங்காலையே காட்டுவார்கள். காய்ச்சலோடு பிள்ளை காலூன்ற மறுத்தால் மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும், மறுநாளுக்கு வைக்கலாகாது. எல்லா முழங்கால் நோவும் இடுப்பிலிருந்தே வருகிறதென்று யாரும் இதனை வாசித்துவிட்டு அஞ்ச வேண்டாம். விளையாடும் பிள்ளைகளுக்கு முழங்காலிலேயே நோவதற்குக் காரணங்கள் பலவுண்டு. முழங்காலிற் குற்றமொன்றும் காணாதபோது, அல்லது பிள்ளை நொண்டும்போது, இடுப்பையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள் என்பதே எமது வேண்டுகோள். மெலிந்த மூதாட்டிமாருக்கும் ஒரு சொல். அடைப்பு நரம்பு வரும் ஒடுங்கிய பாதைக்குள், அரிதாகக் குடலின் ஒரு மடிப்பு அகப்பட்டு இறுகிவிடும். வயிறு ஊதி வாந்தியெடுக்கும்போதே உள்தொடையில் முழங்கால் வரை நோ இழுத்தால், அதனை வாதமென்று தள்ளிவிடாமல் வைத்தியரிடம் இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

விளையாட்டுக்காரரின் கவட்டு நோ வேறு. அது உண்மையாகவே தசையிலும் நாணிலும் உள்ளது. அதற்கும் நம்மவர் உருவுவதும் ஓய்வெடுப்பதுமே வழக்கம். டென்மார்க்கில் நெடுநாட் கவட்டு நோவுடைய விளையாட்டு வீரர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு உருவுதல் போன்ற சிகிச்சையும், மறுபிரிவினருக்குச் சேர்க்கும் தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சியும் அளித்தார்கள். 1999 இல் வெளியான முடிவு இது: பயிற்சி செய்தவருள் 23 பேர் நோவின்றிப் பழைய தரத்தில் விளையாடத் திரும்பினர்; மற்றப் பிரிவில் 4 பேர் மாத்திரமே. நோர்வேயில் உதைபந்தாட்ட வீரரிடையே நடந்த மற்றோர் ஆய்வு 2019 இல் வெளியாயிற்று. கிழமைதோறும் ஓர் உள்தொடைப் பயிற்சியைச் செய்த அணிகளிற் கவட்டு நோ ஏறத்தாழ 40 வீதம் குறைவாயிருந்தது. எமது பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முதற் கிழமை மாத்திரம் மைதானத்தில் இறங்கும் பிள்ளைகளை நினைத்துக் கொள்கிறோம்.

இத்தசைகள் தளர்ந்தாற்போலவே மிதமிஞ்சி இறுகினாலும் துன்பம். பிறப்பின்போது மூளை பாதிக்கப்பட்ட சில பிள்ளைகளில் அடைப்பு நரம்பின் கட்டளை ஓயாது வந்துகொண்டிருக்க, கால்கள் கத்தரிக்கோலின் அலகுகள்போல் ஒன்றையொன்று குறுக்கிட்டு நிற்கும். நாளடைவில் இடுப்பு மூட்டே விலகக்கூடும். ஊசிமருந்தாலும் பயிற்சியாலும் அவ்விறுக்கத்தைத் தளர்த்துவர். இவ்விடத்தில் நம் தாய்மாரின் ஒரு பழக்கத்தைப் பாராட்ட வேண்டும். பிள்ளையை ஒக்கலில் வைத்து, இரு கால்களும் தாயின் இடுப்பின் இருபுறமும் விரிந்திருக்கத் தூக்கும் வழக்கம் இடுப்பு மூட்டுக்கு நன்மை செய்வது. கால்களை நேரே நீட்டித் துணியால் இறுகச் சுற்றி வைக்கும் நாடுகளில் இடுப்பு விலகிய குழந்தைகள் அதிகம்.

வன்னியில் இருந்துகொண்டு தொடையைப் பற்றி எழுதுகிறவர், தொடையோடு காலை இழந்தவர்களை விட்டுவிட்டு எழுதி முடிக்க முடியாது. யுத்தம் 2009 மே மாதத்தில் முடிந்தது. 2008 இன் பிற்பகுதியில் இடம்பெயர்ந்த அக்கராயன் மக்கள் திரும்பி வந்தபோது, எறிகணைகளாலும் மிதிவெடிகளாலும் காலிழந்த பலரும் அவர்களுள் இருந்தனர். முழங்காலுக்கு மேலே கால் துண்டிக்கப்பட்டவர் செயற்கைக் கால் அணிந்து நடக்கும்போது, உடம்பை ஒருபக்கம் சாய்த்துச் சாய்த்து நடப்பதை நாம் காண்கிறோம். அது பழக்கதோஷமன்று. இடுப்பின் வெளிப்புறத் தசைகள் தொடையென்பின் மேல்முனையிற் பிடித்திருப்பவை. துண்டிக்கும்போது அவற்றுக்குச் சேதமில்லை. பெருஞ்சேர்தசையின் வலுவான நாணோ முழங்காலுக்குச் சற்று மேலே பிடித்திருப்பது. அது அறுந்து போகிறது. கூடாரத்தின் ஒரு கயிறு அறுந்ததும் மறுகயிறு கம்பத்தைத் தன் பக்கம் இழுத்துவிடுமல்லவா? எஞ்சிய தொடை வெளிப்புறம் விலகிப்போய் நிற்கிறது. அதனால்தான் கொற்சோக் என்னும் வைத்தியர், அறுந்த நாணை எறிந்துவிடாமல் என்பின் நுனியில் துளையிட்டு அதிலேயே தைத்துவிடும் முறையை வற்புறுத்தினார். குண்டுகளுக்கு நடுவே, உயிரைக் காப்பதே பெரும்பாடாயிருந்த நேரத்தில் செய்யப்பட்ட சத்திரசிகிச்சைகளில் அதற்கெல்லாம் அவகாசம் எங்கே?

செயற்கைக் கால்களைப் பொறுத்தவரை, 1968 இல் இந்தியாவின் ஜெய்ப்பூரில் இராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் சேத்தி முதலிய வைத்தியர்களும் சேர்ந்து உருவாக்கிய றப்பர்ப் பாதம் நமக்குப் பெரிய வரப்பிரசாதம். சப்பாத்தின்றி நடக்கலாம்; சேற்றில் இறங்கலாம்; குந்தியிருக்கலாம். யாழ்ப்பாணத்தில் 1987 இல் தொடங்கிய ஜெய்ப்பூர் நிலையம் அதனை நம்மவர்க்கு அளித்து வந்திருக்கிறது. ஆனால் பாதம் எவ்வளவு நல்லதாயினும் அதனை நடுக்கோட்டுக்குக் கொண்டுவர வேண்டியது எஞ்சியிருக்கும் உள்தொடைதான். நல்வாய்ப்பாக, அடைப்பு நரம்பு மேலிருந்து வருவது. கால் எங்கே துண்டிக்கப்பட்டிருந்தாலும், இடுப்பென்பின் அந்தச் சிறு பாதையால் நரம்பு முன்போலவே வந்து, எஞ்சிய தசைக்கு முன்போலவே கட்டளை கொடுத்துக் கொண்டிருக்கிறது. கட்டளை வருகிற தசையைப் பழக்கலாம்.

இதற்கென வைத்தியசாலைகளிற் கற்பிக்கும் எளிய பயிற்சி ஒன்றுண்டு. காயம் நன்கு ஆறியபின், பயிற்சி அளிப்பவரிடம் ஒருமுறை காட்டிக் கேட்டுக்கொண்டு வீட்டிலேயே செய்யலாம். மல்லாந்து படுத்து, தடித்த துவாயொன்றை இறுகச் சுருட்டி இரு தொடைகளுக்கும் இடையில் வைக்க வேண்டும். துண்டிக்கப்பட்ட தொடையால் அத்துவாயை மற்றத் தொடையை நோக்கி மெல்ல நெருக்கி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, விட வேண்டும். பத்து முறை செய்து சற்றே ஆறி, மீண்டும் பத்து முறை. மூச்சை அடக்கலாகாது. காலையிலும் மாலையிலும் செய்துவர, சில கிழமைகளில் நெருக்கும்போது துவாய் முன்னிலும் கூடுதலாக நசுங்குவது தெரியும்.

அடுத்த கிழமை பாதத்தின் வளைவைப் பற்றி எழுதுவோம்.